இருபது பக்கத்தை வைத்து என்ன சொல்லிவிட முடியும்?

கேள்வி இதுதான்: "அமெரிக்க காமிக்ஸ் இதழ்கள் வாராவாரம் புதன்கிழமை வருகின்றன. ஒவ்வொன்றிலும் இருபது பக்கம்தான் கதை. ஆறு இதழில் முடியும் கதையில் ஒன்றை மட்டும் படித்துவிட்டு எப்படி அபிப்பிராயம் சொல்வது? முழுத் தொகுப்பு வந்த பிறகு ஒரேயடியாகப் படித்து எழுதினால் போதாதா? வாராவாரம் எழுத ஆசைப்பட்டால் எப்படி எழுதுவது, எதில் தொடங்குவது?"

நான் 2012 முதல் இதைச் செய்து வருகிறேன். புதன் இரவு நாலைந்து இதழ்கள், ஒவ்வொன்றுக்கும் நோட்டில் அரைப் பக்கம். நடுவில் விட்டுப்போன வாரங்கள் உண்டு, பழக்கம் விட்டுப்போகவில்லை. அதனால் என் பதில் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் இருக்கும். தொகுப்பு வரட்டும், காத்திருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

காரணத்தை ஒரு தொடரை வைத்துச் சொல்கிறேன். 2019 ஜூலை 24 அன்று மார்வெல் 'ஹவுஸ் ஆஃப் எக்ஸ்' முதல் இதழை வெளியிட்டது. அடுத்த புதன் 'பவர்ஸ் ஆஃப் எக்ஸ்' முதல் இதழ். இரண்டாவதை 'பவர்ஸ் ஆஃப் டென்' என்று படிக்க வேண்டும், அந்த எக்ஸ் ரோமன் எண் பத்து. தலா ஆறு இதழ் கொண்ட இரண்டு தொடர்கள் ஒன்றோடொன்று பின்னி, பன்னிரண்டு புதன்கிழமைகளுக்கு இடைவெளியே இல்லாமல் வந்தன. இரண்டையும் எழுதியவர் ஜோனதன் ஹிக்மன். முதலாவதை பெபே லராஸும் இரண்டாவதைப் பெரும்பாலும் ஆர்.பி. சில்வாவும் வரைந்தார்கள்.

மூன்றாவது வாரம், ஆகஸ்ட் 7, 'ஹவுஸ் ஆஃப் எக்ஸ்' இரண்டாம் இதழ். மொய்ரா மெக்டாகர்ட் என்ற பாத்திரம் அதுவரை எக்ஸ்-மென் என்ற சூப்பர்ஹீரோ குழுவுக்கு உதவும் சாதாரண மனித விஞ்ஞானி என்றுதான் பல பத்தாண்டுகளாக நமக்குத் தெரியும். அந்த இதழில் அவரும் ஒரு மியூட்டண்ட், அதாவது பிறவியிலேயே அபூர்வ சக்தி கொண்டவர், என்று சொன்னார்கள். செத்தால் அதே பிறப்பில் மறுபடி பிறப்பார், முந்தைய வாழ்க்கைகளின் நினைவு முழுவதும் கூடவே வரும். இப்போது நடப்பது பத்தாவது வாழ்க்கை. இதழில் ஒரு வரைபடம் உண்டு, அவருடைய வாழ்க்கைகளை வருட வாரியாகக் கோடு போட்டுக் காட்டும். அதில் ஒன்று முதல் ஐந்து வரை இருந்தது, ஏழு முதல் பத்து வரை இருந்தது. ஆறு இல்லை.

என் நோட்டில் அன்றைக்கு எழுதியிருப்பது இரண்டே வார்த்தை: "ஆறாவது எங்கே?"

அதற்குப் பதில் அக்டோபர் 9 அன்று, கடைசி இதழில்தான் வந்தது. நடுவில் ஒன்பது வாரம். அந்த ஒன்பது வாரமும் ஒவ்வொரு புதனும் வரும் எதிர்காலக் காட்சிகளைப் பார்க்கும்போதெல்லாம் "இதுதான் அந்த ஆறாவதோ?" என்ற சந்தேகத்தோடேயே படித்தோம். தொகுப்பாகப் படிப்பவருக்கும் அதே வரைபடம் இருக்கிறது, அதே விடை இருக்கிறது. ஆனால் அவருக்குக் கேள்விக்கும் விடைக்கும் நடுவில் ஒரு மாலைப்பொழுதுதான் இருக்கிறது. பலர் அந்த எண் விடுபட்டதைக் கவனிக்காமலேயே தாண்டிப் போய்விடுவார்கள், அது அவர்கள் தப்பும் இல்லை.

'ஹவுஸ் ஆஃப் எக்ஸ்' நான்காம் இதழ் செப்டம்பர் 4 அன்று வந்தது. சூரியனுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு நிலையத்துக்குப் போன எக்ஸ்-மென் குழுவில் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. வெளியே போனால் சாவுதான் என்று தெரிந்தும் நைட்கிராலரும் வுல்வரினும் கிளம்பும் முன் பேசிக்கொள்கிற இடம் இருக்கிறதே, லராஸ் வரைந்த முகங்களும் மார்ட்டே கிராசியா அந்தச் சூரிய வெளிச்சத்துக்குக் கொடுத்த வண்ணமும் சேர்ந்து என்னை உலுக்கிவிட்டன. காமிக்ஸில் செத்தவர்கள் திரும்பி வருவார்கள் என்பது எனக்குத் தெரியாததா? இருந்தும் இரண்டு வாரம் மனது கனத்தது. செப்டம்பர் 18, ஐந்தாம் இதழ்: அவர்கள் எப்படித் திரும்பி வருகிறார்கள் என்பதையே கதையின் நடுத்தூணாக ஹிக்மன் நிறுத்தியிருந்தார். ஐந்து மியூட்டண்ட்கள் தங்கள் சக்திகளை ஒன்றுசேர்த்து இறந்தவர்களை மீட்கிறார்கள், அதைச் சுற்றி ஒரு சமூகமே உருவாகிறது. அந்த இரண்டு வாரத் துக்கம் இல்லாமல் படித்திருந்தால் ஐந்தாம் இதழில் அந்தக் கூட்டம் எழுப்பும் ஆரவாரம் எனக்கு இவ்வளவு விசித்திரமாக, கொஞ்சம் பயமாகக்கூட, பட்டிருக்காது.

ஆக, அடுத்து என்ன வரும் என்று தெரியாத ஆள் எழுதியது என்பதுதான் வாரக் குறிப்பின் மதிப்பு. கதை முடிந்த பிறகு யாராலும் அதை எழுத முடியாது, அந்தக் குறிப்பை எழுதிய நானே நினைத்தாலும் முடியாது. விடை தெரிந்துவிட்டால் கேள்வி எவ்வளவு பெரிதாக இருந்தது என்பது மறந்துவிடுகிறது.

இது நமக்குப் புதிதும் அல்ல. நம்மில் பலர் காமிக்ஸுக்குள் நுழைந்ததே இரும்புக்கை மாயாவி வழியாகத்தான், 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தது. அதன் மூலம் பிரிட்டனில் 'வேலியன்ட்' என்ற வார இதழில் 1962 முதல் வெளியான 'தி ஸ்டீல் க்ளா', ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. அங்கே வாரத்துக்கு இரண்டு மூன்று பக்கம்தான். நாம் அதை முழுப் புத்தகமாக ஒரே மூச்சில் படித்தோம். சின்ன வயதில் எனக்கு ஒரு விஷயம் புரியாமலேயே இருந்தது: ஏன் மாயாவி இரண்டு மூன்று பக்கத்துக்கு ஒருமுறை வசமாக மாட்டிக்கொள்கிறார், அடுத்த கட்டத்திலேயே ஏன் தப்பித்தும் விடுகிறார்? அது வாரங்களைச் சேர்த்துத் தைத்த இடம் என்று வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த இடத்தில் ஒரு பிரிட்டிஷ் பையனுக்கு ஏழு நாள் இருந்தது, எனக்குப் பக்கத்தைப் புரட்டும் நேரம்தான் இருந்தது. வாரப் பத்திரிகையில் 'தொடரும்' பார்த்து வளர்ந்த நம் வீடுகளுக்கு இதைத் தனியாக விளக்கவே தேவையில்லை.

சரி, இருபது பக்கத்தில் எதைப் பார்ப்பது?

முதலில் அது ஏன் இருபது என்பதைச் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் 22 பக்கம் இருந்தது. 2011 ஆரம்பத்தில் டிசி நிறுவனம் விலையை 2.99 டாலரில் நிறுத்துவதற்காகக் கதையை 20 பக்கமாகக் குறைத்தது. விலை பிறகு 3.99, 4.99 என்று ஏறியது, அந்த இரண்டு பக்கம் மட்டும் திரும்பி வரவே இல்லை. அந்த இரண்டு பக்கத்தின் இழப்பு சண்டைக் காட்சிகளில் தெரிவதில்லை. ஒரு பாத்திரம் சும்மா ஜன்னலோரம் நிற்கும் மௌனமான பேனல்கள்தான், அதாவது பக்கத்துக்குள் வரும் படக் கட்டங்கள்தான், காணாமல் போயின. நல்ல கதாசிரியர் இருபதுக்குள்ளும் அந்த மௌனத்துக்கு இடம் கண்டுபிடிப்பார். நான் முதலில் தேடுவதே அதைத்தான்.

அடுத்தது பக்கம் புரட்டும் இடம். அச்சு இதழில் வலப்பக்கத்தின் கடைசிப் பேனல் ஒரு கதவு மாதிரி. அங்கே ஒரு பாத்திரம் எதையோ பார்த்துத் திடுக்கிடும், எதைப் பார்த்தது என்பது பக்கத்தைப் புரட்டினால்தான் தெரியும். இதைக் கச்சிதமாகக் கணக்குப் போட்டு அமைக்கிறவர்கள் இருக்கிறார்கள், கவலைப்படாதவர்களும் இருக்கிறார்கள். டேப்லெட்டில் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பேனல் பேனலாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதியை முதல் வாசிப்பில் அணைத்து வையுங்கள். போனின் சின்னத் திரைக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் அதில் பக்கம் என்ற ஒன்றே மறைந்துபோகிறது. ஓவியர் ஒரு பக்கத்தை முழுசாகத்தான் யோசித்து வரைந்திருக்கிறார்.

இதழ் என்ற அளவே ஒரு வடிவமாக மாறுவதற்கு 'வாட்ச்மென்' ஐந்தாம் இதழைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது. 1986-87-ல் பன்னிரண்டு இதழ்களாக வந்த தொடர், எழுதியவர் ஆலன் மூர், வரைந்தவர் டேவ் கிப்பன்ஸ். ஐந்தாம் இதழின் முதல் பக்கத்துப் பேனல் அமைப்பும் கடைசிப் பக்கத்து அமைப்பும் ஒன்றுக்கொன்று பிரதிபிம்பம். இரண்டாம் பக்கம் கடைசிக்கு முந்தையதோடு பொருந்தும். இப்படியே உள்ளே வந்து நடுவில் 14, 15-ஆம் பக்கங்கள் கண்ணாடி முன் நிற்பதுபோல எதிரெதிராக நிற்கும். இந்த அழகு ஒரு தனி இதழுக்குத் தொடக்கமும் முடிவும் இருப்பதால்தான் பிறக்கிறது. இதழை வெறும் ஆறில் ஒரு பங்கு என்று நினைப்பவருக்கு இது கண்ணில் படாது.

வாராவாரம் எழுதுபவர்கள் பெரும்பாலும் கதைச் சுருக்கம் எழுதிவிட்டு "ஓவியமும் நன்று" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இது உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். ஒரு ஓவியர் மாதம் முழுக்க உட்கார்ந்து வரைந்த வேலைக்கு ஒரு வார்த்தைதானா? வண்ணம் போட்டவர் பெயரைப் பாருங்கள். பலூன்களுக்குள் வசனத்தை எழுதி அமைத்தவர் பெயரைப் பாருங்கள். 'சாண்ட்மேன்' கதையில் கனவுகளின் அரசன் பேசும் பலூன் மட்டும் கறுப்பு, எழுத்து வெள்ளை. டாட் கிளைன் செய்த அந்த ஒரு வேலையால் அவன் குரல் வேறு யாருடையதும் அல்ல என்பது காதில் விழுகிறது. காகிதத்தில் சத்தம் கிடையாது, அந்தச் சத்தத்தை உண்டாக்குகிறவர் இந்த எழுத்து அமைக்கும் கலைஞர்தான்.

என் முறை எளிமையானது. ஒரு இதழை இரண்டு தடவை படிப்பேன். முதல் தடவை நிறுத்தாமல். இரண்டாம் தடவை பலூன்களைப் படிக்காமல் படங்களை மட்டும் பார்த்துக்கொண்டு போவேன். வார்த்தை இல்லாமலும் கதை புரிகிறதா, எந்த இடத்தில் கண் தடுக்குகிறது என்பது அப்போது தெரிந்துவிடும். அப்புறம் தூங்கப் போவதற்கு முன், மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று பார்ப்பதற்கும் முன், எழுதிவிடுவேன். கதையைத் திரும்பச் சொல்வதில்லை. குறிப்பாக ஒரு பக்கத்தை எடுத்து, அது ஏன் என்னிடம் தங்கியது அல்லது ஏன் உறுத்தியது என்று எழுதுவேன். இறுதியில், அடுத்த இதழில் நான் எதிர்பார்ப்பது என்ன என்று ஒரு வரி. இந்தக் கடைசி வரிதான் பிற்பாடு எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது.

மதிப்பெண், நட்சத்திரம் எதுவும் போடுவதில்லை. ஆறு இதழ்க் கதையில் முதலும் கடைசியும் நாலரை நட்சத்திரம் வாங்கும், நடுவில் வருபவை எப்போதும் மூன்று வாங்கும். அந்த எண்ணிலிருந்து யாருக்கும் எதுவும் தெரியாது. நடு இதழ்கள் பாவம், அவற்றின் வேலையே வேறு. அந்த மாதிரி இதழ்களைப் பார்க்கும்போது "இந்த இருபது பக்கத்துக்குப் பிறகு ஏதாவது ஒன்று மாறியிருக்கிறதா, ஒரு உறவாவது, ஒரு முடிவாவது?" என்று கேட்டுக்கொள்வேன். மாறவில்லை என்றால் அது தொகுப்புக்காக இழுத்து எழுதப்பட்டது, அதைத் தயங்காமல் எழுதலாம்.

தப்பாகச் சொல்லிவிடுவோமே என்ற பயம் கேள்வியிலேயே தெரிகிறது. சொல்லுவோம்தான். 2015 இறுதியில் டாம் கிங் எழுதி, கேப்ரியல் ஹெர்னாண்டஸ் வால்டா வரைந்த 'விஷன்' தொடங்கியது. அவெஞ்சர்ஸ் குழுவில் இருக்கும் செயற்கை மனிதன் விஷன், தானே ஒரு மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் உருவாக்கிக்கொண்டு வர்ஜீனியாவில் ஒரு புறநகர் வீட்டில் குடியேறுகிறான். பக்கத்து வீட்டுத் தம்பதி பிஸ்கட் எடுத்துக்கொண்டு பார்க்க வருகிறார்கள். முதல் இதழைப் படித்துவிட்டு "மெதுவாகப் போகிறது, பன்னிரண்டு இதழ் தாங்குமா என்று தெரியவில்லை" என்று எழுதினேன். அந்தத் தம்பதி பின்னால் தீயில் சாகப்போகிறார்கள் என்பதை அதே இதழில் கதைசொல்லி அமைதியான குரலில் சொல்லிவிடுகிறார். அதைப் படித்தும் அதன் கனம் எனக்கு அன்று உறைக்கவில்லை. மூன்று மாதத்தில் நான் மாதம்தோறும் முதலில் திறக்கும் இதழ் அதுவாகிவிட்டது. அந்தப் பழைய குறிப்பை நான் அழிக்கவில்லை. அந்த மெதுவான நடை ஒரு பொறி என்பதற்கு, அதில் விழுந்த ஒருவனின் சாட்சி அது. தப்பான குறிப்புக்கும் பயன் உண்டு, நேர்மையாக எழுதியிருந்தால்.

நேர்மை என்று சொல்லும்போது இன்னொன்று. இதழ் வருவதற்கு முன்பே முடிவுகட்டிவிடுவது வேறு விஷயம், அதைத் தவிர்க்க வேண்டும். 2024 அக்டோபரில் வந்த 'அப்சல்யூட் பேட்மேன்' விளம்பரப் படங்களைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. மலை மாதிரி உடம்பு, மார்பில் இருக்கும் சின்னத்தையே கழற்றிக் கோடரியாகப் பிடிக்கும் பேட்மேன். படித்த பிறகு நிலைமை வேறு. கதாசிரியர் ஸ்காட் ஸ்னைடர், பேட்மேனாக மாறும் புரூஸ் வெயினிடமிருந்து பணத்தையும் மாளிகையையும் எடுத்துவிட்டு, வழக்கமான கதையில் செத்துப்போகும் அம்மாவை உயிரோடு விட்டிருந்தார். ஆல்ஃபிரட் வழக்கம்போல வீட்டுப் பணியாள் இல்லை, அவனை உளவு பார்க்க வந்தவர், கதையைச் சொல்வதும் அவரே. ஓவியர் நிக் டிராகோட்டா பக்கங்களைச் சின்னச் சின்னக் கட்டங்களாக நெருக்கி, திடீரென்று உடைத்துப் பெரிதாகத் திறக்கிறார். பணம் இல்லாதவன் உடம்பையே ஆயுதமாக்கிக்கொள்கிறான் என்றபோது அந்த மலை உடம்புக்கு அர்த்தம் கிடைத்துவிட்டது. அன்றைய குறிப்பின் முதல் வரியே "நான் நினைத்தது தவறு" என்பதுதான்.

கடைக்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் உங்கள் குறிப்பு யாருக்காவது பயன்படும் என்றால் இதன் வழியாகத்தான். அமெரிக்கக் காமிக்ஸ் கடைகள் 1970-களில் உருவான ஏற்பாட்டின்படி, பொதுவாகத் திருப்பித் தர முடியாத கணக்கில் இதழ்களை வாங்குகின்றன. விற்காமல் போனால் நஷ்டம் கடைக்காரருடையது. எத்தனை பிரதி வேண்டும் என்பதை இதழ் வருவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே முடிவு செய்தாக வேண்டும். முதல் இதழை மக்கள் கையில் எடுக்கும்போதே இரண்டாம் இதழின் கணக்கு முடியும் தறுவாயில் இருக்கும். அதனால் சின்னப் பதிப்பகத்தின் நல்ல தொடர் ஒன்று, யாரும் பேசத் தொடங்கும் முன்பே மெலிந்துவிடுகிறது. அந்த வாரமே ஒருவர் எழுந்து "இதைப் பாருங்கள்" என்று சொல்வதற்கு இருக்கும் மதிப்பு, ஒரு வருடம் கழித்து வரும் அருமையான கட்டுரைக்குக் கிடையாது. வாரத்துக்கு நாலு இதழ் எடுத்தால் அதில் ஒன்றாவது மார்வெல், டிசி தவிர்த்த பதிப்பகத்துடையதாக இருக்கட்டும் என்று நான் வைத்துக்கொண்டிருப்பது அதனால்தான்.

2020-ல் கொரோனா வந்தபோது விநியோகம் நின்று, ஏப்ரல் தொடக்கம் முதல் மே 20 வரை வழக்கமான புதன்கிழமைகளே இல்லாமல் போயின. டிசி மட்டும் வேறு விநியோகஸ்தர்களை வைத்து முன்னதாகவே ஆரம்பித்து, தன் நாளைச் செவ்வாய்க்கு மாற்றி, 2024 ஜூலையில்தான் புதனுக்குத் திரும்பியது. அந்த ஏழு வாரமும் நான் பழைய நோட்டுகளைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

ரகசியம் காப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019 ஜூலை 3, 'வாக்கிங் டெட்' 193-ஆம் இதழ். பதினாறு வருடம் ஓடிய தொடர் அந்த இதழோடு முடிந்தது, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல். அதை எழுதிய ராபர்ட் கிர்க்மன் அதற்குப் பிறகு வராத இதழ்களுக்கும் அட்டைப்படம், விளம்பரக் குறிப்பு எல்லாம் தயார் செய்து பட்டியலில் போட்டிருந்தார், வாசகர் கடைசிப் பக்கம் வரை முடிவு என்று அறியாமல் படிக்க வேண்டும் என்பதற்காக. எனக்கு அந்த அனுபவம் கிடைத்தது, ஏனென்றால் எனக்கு முன்னால் படித்த நண்பர் வாயைத் திறக்கவில்லை. ஆகவே உங்கள் குறிப்பின் முதல் பத்தியில் முடிவைச் சொல்லாதீர்கள். குறைந்தது அந்த வாரமாவது. மார்வெலின் இணைய மாதச் சந்தாவில் இதழ்கள் சுமார் மூன்று மாதம் கழித்துத்தான் வருகின்றன, நம் ஊரில் பலர் அதில்தான் படிக்கிறார்கள். புது இதழ் ஒன்றுக்கு 4, 5 டாலர், அதாவது 350 ரூபாய்க்கு மேல் கொடுப்பது எல்லோருக்கும் முடிகிற காரியமா?

எதில் தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். பல தொடர்களில் பரவிக் கிடக்கும் பெரிய கூட்டுக் கதைகளை விட்டுவிடுங்கள், தொடர்பு புரியவே ஒரு மாதம் போய்விடும். முதல் இதழ் இந்த மாதம் வெளிவரும் தொடர் ஒன்று, அதுவும் ஐந்து ஆறு இதழில் முடியப்போவது, அதை எடுங்கள். ஒவ்வொரு இதழுக்கும் பத்து வரி. கூடவே நீளமாகப் போய்க்கொண்டிருக்கும் ஒன்று, 'சாகா' மாதிரி. பிரையன் கே. வான், ஃபியோனா ஸ்டேபிள்ஸ் இருவரின் அந்தத் தொடர் 54-ஆம் இதழில், 2018 ஜூலையில், ஒரு மரணத்தோடு நின்றது. 55-ஆம் இதழ் 2022 ஜனவரியில்தான் வந்தது. மூன்றரை வருடம். அந்த இடைவெளியில் எனக்கு வேலை மாறியது, வீடு மாறியது, கண்ணாடி போட வேண்டி வந்தது. 55-ஐத் திறந்தபோது கதைக்குள்ளும் காலம் கடந்திருந்தது, தவழ்ந்த குழந்தையாக நான் பார்த்த ஹேசலுக்குப் பத்து வயது ஆகியிருந்தது. அன்றைய குறிப்பில் கதையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. "வளர்ந்துவிட்டாள்" என்று மட்டும் எழுதி, தேதி போட்டு வைத்தேன்.